துணி கட்டிய டிரம்

டீ நன்றாக இருக்கிறது, மேடம். கான்ஸ்டபிள் அம்மா அதே பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் குடித்த பிறகுதான் நான் வாய் வைத்தேன். தப்பாக நினைக்காதீர்கள், அது என் வழக்கம். கல்யாண வீடோ துக்க வீடோ, பக்கத்தில் இருப்பவர் ஒரு வாய் குடித்துவிட்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் நான் தம்ளரை எடுப்பேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாழ்ந்து பழகிவிட்டேன்.

நான் வந்தது தவசி விஷயமாக. என் வீட்டுக்காரர் மரிய ஜோசப் செத்ததற்கு லேத்துப் பட்டறைத் தவசிதான் காரணம் என்று அவரைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்களாம். வெளியே பெஞ்சில் அவர் சம்சாரம் சண்முகத்தாய் அழுதுகொண்டிருக்கிறாள். தவசியின் வெல்டிங் சரியில்லை, அதை நானும் சொல்வேன். ஆனால் அவர் செய்த டிரம் கெட்டது என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தவசிக்கே தெரியும். திருவிழா முடிந்ததும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்ட மனுஷர் அவர். செய்யாத தப்புக்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் ஊர் சின்னமனூரைத் தாண்டி மலையைப் பார்த்த பக்கம். திராட்சைதான் பிழைப்பு. பன்னீர்த் திராட்சை வெட்டி வந்ததும் கொத்துக் கொத்தாகத் தூக்கிப் பார்த்து, கெட்ட பழத்தைச் சின்னக் கத்தரியால் நறுக்கிப் போட்டுவிட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். அந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான்தான் மேற்பார்வை. கொத்தின் நடுவில் ஒரு பழம் வெடித்திருந்தால் வெளியே தெரியாது. எனக்குத் தெரியும். பளபளவென்று இருக்கிற கொத்தைத்தான் நான் முதலில் பிரித்துப் பார்ப்பேன். "அருள்செல்வியக்கா பாத்த பெட்டியா, அப்பத் தொறக்க வேணாம், ஏத்து" என்று வியாபாரிகள் லாரிக்காரரிடம் சொல்வார்கள். அந்த அளவுக்கு என் கண்ணுக்கு மரியாதை உண்டு.

என் வீட்டுக்காரர் கெட்ட மனுஷர் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமும் ஊரில் இருக்கிற ஆம்பளைகள் போலத்தான் இருந்தார். சாயங்காலமானால் குடிப்பார். குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். மறுநாள் காலையில் என் முகத்தைப் பார்க்காமல் தோட்டத்துக்குப் போய்விடுவார். அதிலெல்லாம் எனக்குப் பயம் இருந்ததில்லை. சத்தம் போடுகிறவர் மனசில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, நாம் தனியாகத் தேட வேண்டியதில்லை.

பயம் வந்தது இந்த வருஷம் ஈஸ்டர் அன்று. நாங்கள் உயிர்ப்பு ஞாயிறு என்போம்.

எங்கள் ஊர் ஆம்பளைகள் சாம்பல் புதனன்று குடியை நிறுத்துவார்கள். தவக்காலம் நாற்பது நாளும் ஒழுங்காக இருந்துவிட்டு, உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் கறிச்சோற்றோடு மறுபடி ஆரம்பிப்பார்கள். சாமியாருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அன்றைக்கு நான் கறி ஆக்கி, அவருடைய தம்ளரையும் கழுவி எடுத்து வைத்தேன். அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "விட்டது விட்டதாவே இருக்கட்டும் அருளு" என்றார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "குழம்பு நல்லாருக்கு" என்றார்.

குழம்பில் அன்றைக்கு நான் உப்புப் போட மறந்திருந்தேன், மேடம். நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. உப்பில்லாத குழம்பை நல்லாருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டு முடித்து, தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போன ஆளைப் பற்றி நான் அன்று மத்தியானம் முழுக்க யோசித்தேன்.

இனி டிரம் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் திராட்சை ஒயின் போடுவோம். அது சட்டப்படி தப்பு என்றால் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. எங்கள் மகன் அருண் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அங்கே மூடிப்போன ஒரு பீர்க் கடையிலிருந்து ஸ்டீல் டிரம் ஒன்று, மீட்டர் வைத்த ரெகுலேட்டர், குழாய் எல்லாம் வாங்கிப் போன வருஷம் அப்பாவுக்கு அனுப்பினான். அவன் அதை கெக் என்பான். எங்கள் வாயில் அது டிரம். சோடாக் கம்பெனிக்கு இறக்குகிற மாதிரியான கேஸ் சிலிண்டர் ஒன்றும் தேனியிலிருந்து வந்தது. டிரம்மில் ஒயினை ஊற்றி, மூடி, கேஸை ஏற்றி வைத்தால் நுரைத்துக்கொண்டு வரும். போன கிறிஸ்துமஸுக்கு அதைத்தான் குடித்துவிட்டுக் கிடந்தார்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரம் மிச்சமிருந்த ஒயினையெல்லாம் வாழைக்கு ஊற்றினார். டிரம்மைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினார். இனிமேல் இதில் திராட்சைச் சோடாதான் என்றார். மே மாதம் எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருஷம் முடிகிறது. பூசை வைத்து, சொந்தபந்தத்துக்குச் சாப்பாடு போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சோடாவைக் கொடுக்க வேண்டுமாம். முதல் தம்ளர் எனக்காம்.

அதற்கு ஒரு காரணமும் சொன்னார். எங்கள் கல்யாணத்தன்று பந்தியில் பன்னீர் சோடா தீர்ந்துபோய்ப் பெண்ணுக்கே கிடைக்கவில்லை. அதை நான் சும்மா வாய்க்கு அவ்வப்போது சொல்லிக்காட்டுவேன். அது காதில் விழுந்ததாகக்கூட அவர் ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒருவர் ஒரு சோடாவை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து நின்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நீங்கள் போலீஸ், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு கேஸ் எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். "இங்கன வந்து நில்லு. அங்கன இல்ல, பக்கவாட்டுல. சிலிண்டரத் தெறக்கும்போது மூஞ்சிய மீட்டருக்கு நேரா நீட்டாத, கண்ணாடி தெறிச்சா கண்ணு போயிரும். மொதல்ல இந்தத் திருகாணிய எடப்பக்கமாத் திருகி லூசா விட்டுரு. அப்பறந்தான் சிலிண்டரத் தெறக்கணும். மெதுவா."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"நான் இல்லாதப்ப யாராச்சும் வந்தா நீ ஊத்திக் குடுக்கணும்ல?"

நான் இல்லாதபோது என்கிற வார்த்தையை நான் மனசில் குறித்துக்கொண்டேன்.

"இது நம்ம வீட்டுக் குழாய் மாதிரி கெடையாது. எறுக்குனா மூடாது, எறுக்க எறுக்கக் காத்து கூடும். மீட்டரப் பாத்துக்கிட்டே கொஞ்சங் கொஞ்சமா எறுக்கணும். ஊத்திக் குடுக்க பத்து, பன்னெண்டு பாயிண்ட் போதும். மொதல்ல சோடா ஏறுறதுக்கு முப்பது. நம்ம வண்டி டயருக்கு அடிக்கிற காத்துதான், அதுக்கு மேல எந்தக் காரணத்துக்கும் போகக்கூடாது. என்ன, வெளங்குச்சா?"

விளங்கியது. சோப்புத் தண்ணீரை இணைப்பில் எல்லாம் தடவி, நுரை முட்டை விடுகிறதா என்று பார்க்கச் சொன்னார். சிலிண்டர் சாய்ந்துவிடக் கூடாது என்று சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினார். மூடியில் இருக்கிற பாதுகாப்பு வளையத்தை இழுத்துக் காற்றை வெளியே விட்டுக் காட்டினார். மிளகாய்ப் பொடி டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷர், மீட்டர் கண்ணாடி எங்கே, என் முகம் எங்கே, கை எங்கே என்று ஒவ்வொன்றாக யோசித்து வைத்திருந்தார். ஒருவருக்கு என்னவெல்லாம் ஆகலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடாமல் இதெல்லாம் தோன்றாது.

அப்புறம் அந்த ஓட்டை. டிரம் இருந்தது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அறையில். சுவர் தடிமன், வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மத்தியானம் நான் அங்கேதான் வெறும் தரையில் படுப்பேன், கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து. அவர் கடப்பாரையை எடுத்துவந்து அந்தச் சுவரில் தரையோடு தரையாக ஒரு ஓட்டை போட்டார். பாம்பு பூச்சி வருமே என்றேன்.

"கம்பி வலை அடிச்சிரலாம். இந்தக் காத்து கனமானது அருளு. கசிஞ்சா மேல போகாது, தரையோட தேங்கிக் கெடக்கும். வாசனையே இருக்காது, மூச்ச முட்டிரும். வெளிய போறதுக்கு வழி வேணும்ல. நீ இனிமே இங்கன படுக்காத."

வாசனை இல்லாமல், சத்தம் இல்லாமல், தரையில் படுத்திருக்கிறவரைப் பார்த்துக் கொல்லுகிற ஒன்றை நான் படுக்கிற இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, அதை என்னிடமே விளக்கிச் சொல்கிறார். அன்று முதல் நான் சமையலறையில் படுத்தேன், தலையை வாசல் பக்கம் வைத்து. அவர் அதைப் பார்த்துவிட்டு மின்விசிறி ஒன்று வாங்கிவந்து அங்கே மாட்டினார். அந்த விசிறியை நான் போடவே இல்லை. இப்போதும் புதுசாகத்தான் இருக்கிறது.

இடையில் மகனோடு போன் பேச்சு வேறு. முன்பெல்லாம் அப்பாவும் மகனும் பேசினால் இரண்டு வார்த்தைதான், பணம் வந்ததா, மழை பெய்ததா என்று. இப்போது தோட்டத்துப் பம்புசெட்டு அறையில் உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் பேசுவார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு போனால், "அம்மா வந்துட்டா, அப்பறமாப் பேசுறேன்டா" என்று வைத்துவிடுவார். எதைப் பற்றி என்று கேட்டால் சிரிப்பார். வீட்டில் அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஒழுங்கான பல்வரிசை அவருக்கு, அதுகூட அப்போதுதான் தெரிந்தது.

ஏன் என்னைக் கொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் யோசித்தேன். வேறு பெண் சகவாசம் இல்லை, அதை நான் விசாரித்துவிட்டேன். சொத்துத் தகராறும் இல்லை. எவ்வளவு தேடியும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. இவ்வளவு சுத்தமாக மறைத்து வைத்திருக்கிறார் என்றால் பெரிய காரணமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

சொந்தக்காரர்கள் கூட்டம் அதிகம் வரும், ஒரு டிரம் காணாது என்று தவசியிடம் இன்னொன்று செய்யச் சொன்னார். தவசி கைகாரர்தான். பழைய டிரம்மைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே உயரம், அதே பிடி, அதே மினுமினுப்பு. பழைய மூடியே இதற்கும் பொருந்துகிற மாதிரி வாயைச் செய்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் எது எது என்று சொல்ல முடியாது, கவிழ்த்து அடியைப் பார்த்தால் ஒழிய.

வந்த அன்றே என் வீட்டுக்காரர் அதில் தண்ணீரை ரொப்பி, கைப்பம்பால் அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். "தண்ணிய வச்சுச் சோதிச்சாக் கசியும், அதோட போச்சு. காத்த வச்சுச் சோதிச்சா வெடிச்சிரும்" என்று எனக்கு விளக்கம். அடிப்பக்க வெல்டிங்கில் தண்ணீர் கசிந்து வந்தது. அடித்தகடும் லேசாக உப்பியது. உடனே தவசிக்குப் போன் போட்டார். வீரபாண்டித் திருவிழாவுக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்களாம். திருவிழா முடிந்து வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்று தவசி சொன்னார். போனில் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அப்போதுதான் அவர் அந்தச் சிவப்புத் துணியை எடுத்தார்.

மேடம் எந்த ஊர் என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் திராட்சைக்கு மருந்து அடித்தால் தோட்டத்துப் படலில் சிவப்புத் துணி கட்டுவோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, ஆடு மேய்க்கிறவர், குடிகாரர் யாராக இருந்தாலும் துணி கிடந்தால் ஒரு பழத்தைக்கூடக் கிள்ள மாட்டார்கள். துணி இல்லையென்றால் கேட்காமலே தின்பார்கள். துணியைப் பார்ப்போம், பழத்தைப் பார்க்க மாட்டோம். அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. அவர் அந்தப் படல் துணியில் ஒன்றைக் கொண்டுவந்து கெட்ட டிரம்மின் பிடியில், படலில் போடுகிற அதே முடிச்சுப் போட்டுக் கட்டினார். "துணி கட்டுனதத் தொட்டுராத அருளு. உன்னத்தான் சொல்றேன்" என்றார்.

நல்ல மனுஷர் என்றால் அன்றைக்கே அதைக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டிருக்க மாட்டாரா? ஏன் வீட்டுக்குள் வைக்க வேண்டும்? அதுவும் நல்லதுக்குப் பக்கத்திலேயே? தவசிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தவசி பாவம், தகட்டை வீணாக்கக் கூடாது என்றார். அவர் தவசிக்கு இரக்கப்பட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

ஆனாலும் நான் சந்தேகத்தைச் சந்தேகமாகத்தான் வைத்திருந்தேன். அது உறுதியானது என் நாத்தனாரால். ஞானசெல்வி மதினி எங்களுக்கு அடுத்த தெரு. விசேஷத்துக்கு மாவு இடிக்க வந்தவர் என்னிடம் கேட்டார், "என்னாத்தா, அந்த டிரம்முல அப்பிடி என்ன இருக்கு? 'அக்கா, அருளு அந்தத் துணி கட்டுனது பக்கம் போகாம நீயும் ஒரு கண்ணு வச்சுக்க, அவ சொன்னாக் கேக்க மாட்டா'ன்னு தம்பி சொல்லிட்டுப் போறான்."

இப்போது பாருங்கள். தவசியிடம் சொல்லியாயிற்று. அக்காவிடம் சொல்லியாயிற்று. மகனிடமும் சொல்லியிருப்பார். அவள் சொன்னால் கேட்க மாட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாயிற்று. நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால், நாங்கள் எவ்வளவோ சொன்னோம், துணிகூடக் கட்டினோம், அவள்தான் கேட்கவில்லை என்று பேசுவதற்கு மூன்று சாட்சி தயார். இதை நான் கொத்தைப் பிரிக்கிற மாதிரி மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் இருந்த பழம் தெரிந்துவிட்டது. அன்றிரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. பல வாரம் கழித்து வந்த தூக்கம் அது.

விசேஷத்துக்கு முந்தின நாள் டிரம்மில் சாற்றை ஊற்றி கேஸ் ஏற்றுவதாக ஏற்பாடு. மறுநாள் மத்தியானம் பந்திக்கு முன்னால் நான் குழாயைத் திறந்து முதல் தம்ளரைப் பிடிக்க வேண்டும். குழாயை என் உயரத்துக்கு ஏற்ற மாதிரி இறக்கி வைத்திருந்தார். கேஸ் ஏற்றுவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் பழம் வெட்டத் தோட்டத்துக்குப் போயிருந்தார். நான் அறைக்குள் போனேன். இரண்டு டிரம்மும் கழுவி நிறுத்தியிருந்தது. கெட்டதில் இருந்த துணியை அவிழ்த்தேன். நல்லதில் கட்டினேன்.

நான் செய்தது அவ்வளவுதான், மேடம். சிலிண்டரை நான் தொடவில்லை. ரெகுலேட்டரைத் தொடவில்லை. மீட்டரைத் தொடவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த எதையும் நான் மாற்றவில்லை. ஒரு துணியை ஒரு பிடியிலிருந்து எடுத்து இன்னொரு பிடியில் கட்டினேன், அதே முடிச்சு. முடிச்சு முக்கியம், அவர் கண்ணுக்குப் பழகிய முடிச்சு அது. இரண்டையும் இடம் மாற்றியும் வைத்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கொலை என்று நினைப்பீர்கள். நான் அவரைச் சோதித்தேன். துணி கட்டியது வெறும் மிரட்டல் என்றால், அந்த டிரம்மில் ஒன்றும் இல்லை என்றால், கேஸ் ஏறும், சோடா வரும், நானும் ஒரு தம்ளர் குடித்துவிட்டு மனசாரச் சிரித்திருப்பேன். என் சந்தேகம் அத்தோடு தீர்ந்திருக்கும். அதில் உண்மையாகவே ஆளைக் கொல்லுகிற அளவுக்குக் கோளாறு இருந்தால், அப்படிப்பட்ட ஒன்றை அவர் என் வீட்டில் வைத்திருந்தார் என்று அர்த்தம். இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். அவர் யோக்கியராக இருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதைவிட நியாயமாக ஒரு பெண்சாதியால் நடந்துகொள்ள முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் நான் அவருக்கு இட்லி வைத்தேன். சட்னிக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார். சாற்றை ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிர வைத்திருந்தார், குளிர்ந்தால்தான் கேஸ் நன்றாகப் பிடிக்குமாம். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன்.

"துணி கட்டுனது ஓரமாத்தான இருக்கு?"

"ஓரமாத்தான் இருக்கு" என்றேன். பொய் சொல்லவில்லை. துணி கட்டியது ஓரமாகத்தான் இருந்தது.

வடிகட்டின சாற்றை ஊற்றினார். மூடியைப் போட்டார். திருகாணியை இடப்பக்கம் திருகி லூசாக விட்டார். பக்கவாட்டில் நின்று சிலிண்டரைத் திறந்தார். கொஞ்சம் ஏற்றி, வளையத்தை இழுத்து உள்ளே இருந்த காற்றை வெளியே விட்டார். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு படியைக்கூட அவர் விடவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். டிரம்மை லேசாகத் தட்டிப் பார்த்தபோது மட்டும் ஒரு நொடி நின்றார். சத்தத்தில் ஏதோ வித்தியாசம் பட்டிருக்கும். பிறகு ஓரத்தில் இருந்த சிவப்புத் துணியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது.

அப்போதுகூட நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து சந்தேகப்பட வேண்டும். அந்த நிலைமைக்கு என்னால் திரும்பிப் போக முடியாது என்று தோன்றியது.

முப்பது பாயிண்ட் வைத்துவிட்டு, சாற்றில் கேஸ் கலப்பதற்காக டிரம்மை மடியில் சாய்த்து ஆட்ட வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்.

"அருளு, நீ வெளிய போயி நில்லு."

"ஏன், நான் இங்கனயே நிக்கிறேனே."

"எதுக்கும் போயி நில்லுன்றேன்ல. முருங்க மரத்துக்கிட்டப் போ. ஆட்டி முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்."

போனேன். முருங்கை மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பந்தல்காரர்கள் முன்வாசலில் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். டிரம் ஆடுகிற சத்தம் கேட்டது, சாறு உள்ளே சலசலவென்று. அப்புறம் அறையின் ஓடு நாலைந்து கீழே விழுந்தது. அடித்தகடு கழன்று அவர் நெஞ்சில் பட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மூடியில் இருந்த பாதுகாப்பு வளையத்துக்கு வேலையே வரவில்லை. அது அதிக அழுத்தத்துக்குத்தான் திறக்கும், அடி அதற்கு முன்னாலேயே விட்டுவிட்டது. நான் அழுதேன். அது நடிப்பு இல்லை, மேடம். இருபத்தைந்து வருஷம் ஆயிற்றே. போட்ட பந்தலை மறுநாள் பிரிக்கவில்லை, துக்கத்துக்கும் அதுவே உதவியது.

துணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர் அவசரத்தில் டிரம்மை மாற்றி எடுத்துவிட்டார் என்று முதலில் சொன்னார்கள். அப்புறம் தவசியின் வெல்டிங் என்றார்கள். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் யாருமே சந்தேகப்படுவதில்லை, அதுதான் இந்த ஊரில் எனக்குப் பிடிக்காதது.

அடக்கம் முடிந்த பிறகு மகன் அருண் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ சொன்னான். அப்பா குடியை விட்டது எனக்காகத்தானாம். இத்தனை வருஷம் நடந்துகொண்டதற்கு அம்மாவிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று போனில் அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். வாயால் சொல்ல வராது, அன்றைக்குப் பந்தியில் எல்லோர் முன்னாலும் முதல் தம்ளரைக் கொடுத்துவிட்டால் அவளுக்கே புரிந்துவிடும் என்றாராம். பிள்ளை நல்ல பிள்ளை. அப்பா சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறான்.

அந்தத் தம்ளர் இதோ, பையில் கொண்டுவந்திருக்கிறேன். எனக்கென்று புதிதாக வாங்கி அந்த அறை ஜன்னலில் வைத்திருந்தது. கண்ணாடித் தம்ளர், அவ்வளவு வெடித்தும் கீறல்கூட விழவில்லை. என் பேரை வேறு எழுதி வாங்கியிருக்கிறார். அதை நான் கழுவவில்லை, துணி சுற்றித்தான் எடுத்து வந்தேன். சோதனைக்கு அனுப்பிப் பாருங்கள், உள்ளே ஏதாவது தடவியிருந்தால் தெரியும். அது தெரிந்துவிட்டால் என் பக்கத்து நியாயம் உங்களுக்கும் விளங்கும்.

தவசியை விட்டுவிடுங்கள். துணியை மாற்றிக் கட்டியது நான்தான். தெரிந்துதான் கட்டினேன். எந்த டிரம் அவர் மடியில் இருக்கிறது என்று தெரிந்துதான் வாசற்படியில் நின்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன், ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு.

நீங்கள் கேட்டது காதில் விழுந்தது, மேடம். என்னைக் கொல்ல நினைத்தவர் அந்த நேரத்தில் ஏன் என்னை வெளியே அனுப்பினார் என்று கேட்கிறீர்கள். நானும் எட்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முருங்கை மரத்தடிக்கு என்று இடம் குறித்துச் சொல்லி அனுப்பினாரே. நான் பக்கத்தில் நின்றால் ஏதாவது செய்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார். வேறு என்ன இருக்க முடியும்? ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும், அந்த மனுஷர் கடைசி வரைக்கும் என்னை நம்பவே இல்லை.